ஐந்து கெஜக் கைலி

தோஹாவின் நஜ்மா பகுதியில் இருந்த செய்கு முகம்மதுவின் தையல் கடையில் வியாழக்கிழமை சாயங்காலம் நிற்க இடம் கிடைக்காது. மறுநாள் வெள்ளி, லீவு. தோஹா தொழில்பேட்டை கேம்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு புதுக் கைலி இருக்கும். இரண்டு முனையையும் சேர்த்து மூட்டித் தர வேண்டும். மூட்டாத கைலியைக் கட்டிக்கொண்டு நடந்தால் காற்று மானத்தை வாங்கிவிடும். கார்மேகம் ஒரு மணி நேரத்தில் இருபது கைலி மூட்டுவான். ஒன்பது வருஷமாக அந்த மெஷினே கதி என்று கிடக்கிறவனுக்கு அது ஒரு வேலையா?

அதுதான் அவனுக்கு வேதனையும். தையல் கடையில் மெஷின்காரன் உட்கார்ந்திருப்பான், கட்டிங் மாஸ்டர் நிற்பான். நிற்கிறவனுக்குத்தான் மரியாதை. போதாக்குறைக்கு கார்மேகம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் முதுகுளத்தூரில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அண்ணன் கட்டிங் மாஸ்டர் என்று தெரிந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து "நான் மெஷின்காரன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கத்தார்ல கட்டிங் மாஸ்டர்" என்று அடித்துவிட்டான். நாகஜோதியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு போன் பேச்சிலும் அந்தப் பொய்க்குத் தீனி போட்டுப் போட்டு அவனுக்குச் சலித்துவிட்டது.

2006இல், பழைய கட்டிங் மாஸ்டர் ஊரோடு போய்விட்ட நேரத்தில், கிரெய்க் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினீயர் கடைக்கு வந்தார். அவரும் கூட்டாளிகளும் இருநூற்றறுபது வருஷத்துக்கு முந்திய மலைநாட்டுப் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி வேஷம் கட்டி அணிவகுப்பு நடத்துகிறவர்களாம். எட்டுச் சிவப்புக் கோட்டு வேண்டும். படத்தைக் காட்டினார். கோட்டு இடுப்போடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி, முழங்காலுக்கு மேலே; அதிலேயே ஒரு பாதி இடது தோளில். எட்டுத் துணிகளையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

"இதை இடுப்பில் சுற்றி பெல்ட் போடுவோம். அதற்கு மேல்தான் கோட்டு. கனத்தைப் பார்த்து அளவு வைக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

செய்கு முகம்மது கத்தரியை எடுத்து கார்மேகம் முன்னால் வைத்தார். "நீயே வெட்டு. எட்டுக் கோட்டும் சரியா வந்துச்சுன்னா கட்டிங் மேசை ஒனக்கு. கோளாறு வந்துச்சு, கேரளாவுலேர்ந்து ஆள் எடுத்துருவேன். பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது."

கார்மேகம் மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து வெட்டினான், தைத்தான். கோட்டுகள் சும்மா சொல்லக் கூடாது, ஜம்மென்று வந்தன. கடைசி வியாழனன்று எட்டையும் மடித்துவைத்தபோது அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் கேம்ப்காரர்களின் கைலிகள் மலையாகக் கிடந்தன. அவற்றை மூட்டி முடித்தவன் கண்ணில் கம்பளித் துணிகள் பட்டன. பிரித்துப் பார்த்தான். ஐந்து கெஜ நீளம். கட்டம் போட்டது, இடுப்பில் சுற்றுவது, முனை மூட்டாதது. பாவம், அந்த ஊரில் மூட்டித் தர ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தான். ஐந்து கெஜம் எதற்கு என்றும் ஒரு கணம் யோசித்தான். ஆட்கள் ஆஜானுபாகுவானவர்கள், தேவைப்படும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். யாரும் கேட்காமலே, மனசு நிறைந்து, எட்டையும் மூட்டிவிட்டான். அதுவும் இரட்டைத் தையல். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது.

மறுநாள் மத்தியானம் கோட்டுகளையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு கடலோர மைதானத்துக்கு செய்கு முகம்மதுவோடு அவனும் போனான். தான் வெட்டிய கோட்டு நடந்து போவதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் கேம்ப்காரர்களும் கலந்த நல்ல கூட்டம். அணிவகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம். காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

கிரெய்க் பெல்ட்டைத் தரையில் நீட்டிப் போட்டார். அதன்மேல் தன் சொந்தப் பழைய துணியை விரித்து, மண்டியிட்டுக் கொசுவம் கொசுவமாக மடித்தார். பிறகு அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு பெல்ட்டை இழுத்துப் பூட்டப் பார்த்தார். கார்மேகம் வாயைப் பிளந்தான். படுத்துக்கொண்டு கைலி கட்டுகிற மனிதனை அவன் இதுவரை கண்டதில்லை. பூட்டுவதற்குள் காற்று அத்தனை கொசுவத்தையும் கலைத்து, துணியை அவர் முகத்தில் போர்த்தியது. மூன்று தடவை மடித்தார், மூன்று தடவையும் அதே கதிதான்.

அதற்குள் மற்றவர்கள் புதுத் துணிகளைப் பிரித்திருந்தார்கள். ஒன்றும் விரியவில்லை. கிணற்று உறை மாதிரி எட்டு வளையங்கள். கிரெய்க் எழுந்து வந்து தையலைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"யார் செய்தது இது? இது முழுத் துணியாக விரிய வேண்டும்! அந்தக் காலத்தில் இப்படி ஒரு தையலே கிடையாது!"

செய்கு முகம்மது கார்மேகத்தின் காதோடு சொன்னார். "வாயத் தொறக்காதே. அவரு கொண்டாரும்போதே, மில்லுலேர்ந்தே இப்புடித்தான் வந்துச்சுன்னு சொல்லிர்றேன்."

சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். மேசையும் தப்பித்திருக்கும். ஆனால் ஒரு பொய்யைச் சுமந்தே கார்மேகத்துக்கு முதுகு ஒடிந்திருந்தது, இன்னொன்றை வைக்க இடம் இல்லை. முன்னால் போய் நின்றான்.

"ஐ ஸ்டிச் சார். நோபடி டெல். ஃப்ரீ சார்."

போச்சு, மேசை போச்சு என்று நினைத்துக்கொண்டான். ஒருவர் கத்தியோடு தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். இரட்டைத் தையல் அவரைப் பார்த்துச் சிரித்தது. இந்த வேகத்தில் போனால் அணிவகுப்பு அடுத்த வெள்ளிக்குத்தான். கயிற்றுக்கு அப்பால் கூட்டம் கை தட்டி அவசரப்படுத்தியது.

கார்மேகத்துக்குப் பொறுக்கவில்லை. இருந்ததிலேயே பெரிய ஆளின் கையைப் பிடித்து இழுத்தான். "யல்லா சார், கம். நோ ஸ்லீப்பிங். ஸ்டாண்டிங்."

வளையத்தை அந்த ஆளின் தலைவழியாகப் போட்டு இடுப்புவரை இறக்கினான். முன்பக்கம் கைலிபோல் தட்டையாக ஒரு மடிப்பு. மீதி அத்தனையையும் பின்னால் இழுத்து, விரல் அகலத்துக்குக் கொசுவம் வைத்தான். காற்று எவ்வளவு அடித்தும் மூட்டிய துணி பறந்து போக வழியில்லை. பெல்ட்டைப் பூட்டினான். அதற்கு மேல் கோட்டைப் போட்டுவிட்டான். படத்தில் பார்த்தபடி, பெல்ட்டுக்கு மேலே மிஞ்சிய துணியைத் தூக்கிக் கோட்டின் இடது தோளில் ஊசி குத்தினான். மூட்டிய இடம் கொசுவத்துக்குள் போய் மறைந்துவிட்டது.

கிரெய்க் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். தையலைக் காணோம்.

"அடுத்தது என்னைக் கட்டு" என்று தன் பழைய துணியை வீசிவிட்டு மிச்சமிருந்த வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கார்மேகம் கட்டிக்கொண்டே போனான். செய்கு முகம்மது ஊசி எடுத்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டார். முதலாளி என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

பேக்பைப் வாத்தியம் அலறியது, முரசு அதிர்ந்தது, எட்டுப் பேரும் கிளம்பினார்கள். துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கியபோது ஒரு கோட்டிலும் அக்குள் பிடிக்கவில்லை, ஒரு தையலும் விடவில்லை. பின்னால் கொசுவம் அசைந்த அழகைப் பார்த்து கேம்ப்காரர்கள் விசில் அடித்தார்கள். "அண்ணே, நம்ம கைலிண்ணே!" என்று எவனோ கத்தினான். கார்மேகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முடிந்ததும் கிரெய்க் வேர்த்து விறுவிறுத்து வந்தார். இங்கே காற்று இருக்கும்வரை தையல் அப்படியே இருக்கட்டும், ஊருக்குப் போகும்போது பிரித்துக்கொள்கிறேன் என்று சிரித்தார். பிறகு கோட்டைத் தட்டிக்காட்டி, "இதை வெட்டியது யார்?" என்று கேட்டார்.

செய்கு முகம்மது கார்மேகத்தைத் தோளில் பிடித்து முன்னால் தள்ளினார். "திஸ் மேன். மை கட்டிங் மாஸ்டர்."

சூரியன் அடங்குவதற்குள் கார்மேகம் நஜ்மா முக்கில் நின்று ஊருக்குப் போன் போட்டான். நாகஜோதி எடுத்தாள். இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது? அவளுக்கு அவன் ஐந்து வருஷமாகக் கட்டிங் மாஸ்டர் ஆயிற்றே! ஒரு நிமிஷம் தவித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், பெண் பார்த்த நாளிலிருந்து இன்று மத்தியானம்வரை.

சொல்லி முடித்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நாகஜோதி, கோவமா?"

"என்ன கோவம்? கல்யாணத்தன்னைக்கு ஒங்க கையப் புடிச்சப்பவே எனக்குத் தெரியுமே."

"எப்பிடி?"

"எங்கண்ணன் கையப் பாத்து வளந்தவ நான். கட்டிங் மாஸ்டருக்குக் கட்டைவெரலு கத்தரி புடிச்சுக் காச்சுப்போயிருக்கும். ஒங்களுக்குப் பஞ்சு மாதிரில்ல இருந்துச்சு."

"அப்ப ஏன் புள்ள கேக்கவே இல்ல?"

"எப்பயாச்சும் ஆவீகன்னுதான்." அவள் சிரித்தாள். "சரி சரி, அடுத்த லீவுக்கு வரும்போது கையக் காட்டுங்க. காச்சிருக்கான்னு புடிச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."