நாற்காலிக்கு அடியில் அலாரம்

தைனாராவின் கைபேசி அடிக்காத நேரம் என்று ஒன்று இருந்தால், அது அவள் தூங்கும் நேரம்தான். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபத்தைந்து. இணையத்தில் எவரோ ஒரு புண்ணியவான் சொல்லிக்கொடுத்த வழி. படிப்பு ஓடும்போது வீட்டில் யாரும் அவளிடம் பேசக் கூடாது. பேச வந்தால் தலையை நிமிர்த்தாமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாள். வீடே பற்றி எரிந்தாலும் அலாரம் அடித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

அதே அறையில் படுக்கும் அக்கா ஜாசிராதான் பாவம். விடியுமுன்னே ரொட்டிக் கடை வேலைக்கு ஓடுகிறவள், சாயங்காலம் கண்ணை மூடினால் காதருகே மணி அலறும்.

"ஏன்டி, நீ டாக்டராகுறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கே!"

"போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதுக்கா."

போன வருஷம் மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை. இந்த முறையும் கோட்டைவிட்டால் பேசாமல் அக்காவோடு மாவு பிசையப் போ என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வின் முதல் பாதி. சரியாக ஒரு மணிக்கு வாசலைச் சாத்தினார்கள். தாமதமாக ஓடிவந்த ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேடிக்கை பார்ப்பதற்கென்றே கூடும் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நல்லவேளை, நாம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்று தைனாரா நெஞ்சைத் தடவிக்கொண்டாள். கைபேசியை அணைத்து, கொடுத்த பையில் போட்டு ஒட்டி, நாற்காலிக்கு அடியில் வைத்தாள். கடிகாரம் கட்டக் கூடாது. மீதி நேரத்தைக் கண்காணிப்பாளர் அம்மாள் கரும்பலகையில் எழுதுவார்.

கட்டுரையின் முதல் பத்தியை முடிக்கும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அலாரம்!

அந்த மட்டமான கைபேசி அணைத்துக் கிடந்தாலும் அலாரத்துக்கு மட்டும் தானாக விழித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மணி நான்குக்கு. பைக்குள் அது அடித்தால் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். பையைப் பிரித்தாலும் அதே கதிதான். ஒரு வருஷப் படிப்பு அவள் காலடியில் மூச்சுவிடாமல் படுத்திருந்தது.

ஏழு மணிவரை நேரம் உண்டு. மூன்றரைக்கு மேல் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். அப்படியென்றால் நான்கு அடிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே ஓட வேண்டும். வேறு வழியே இல்லை.

எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் படிக்கவில்லை. பக்கம் பக்கமாக இருந்த பத்திகளை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் பார்த்து விடை வட்டத்தைக் கறுப்பாக்கினாள். உள்ளங்கை வியர்த்துத் தாள் ஒட்டியது. பக்கத்து மேசைப் பையன் நிதானமாக சாக்லேட் தாளைப் பிரித்தபோது தூக்கிவாரிப்போட்டது. கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் கேள்வியைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் 'சி' என்று அடைத்துவிட்டு எழுந்தாள்.

"இப்பவே போறியாம்மா? இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கே," என்றார் கண்காணிப்பாளர். "போனா திரும்ப வர முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

வெளியே பிரேசிலின் பெலேம் நகரத்துக்கே உரிய வழக்கமான மாலை மழை. மாமரத்தடியில் குடையோடு ஜாசிரா நின்றிருந்தாள். வேலை முடித்து நேரே வந்தவள். கையில் சூடான மரவள்ளி ரொட்டி.

"என்னடி அதுக்குள்ள? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தைனாரா பையைப் பல்லால் கிழித்துக் கைபேசியை எடுத்தாள். தேவாலய மணி நான்கு முறை அடித்து ஓய்ந்தது. கைபேசி கம்மென்று கிடந்தது.

"அக்கா... அலாரம் அடிக்கலையே."

"எப்படி அடிக்கும்? ஞாயித்துக்கிழமை அலாரத்தையெல்லாம் நேத்தே நான் அழிச்சிட்டேன். எங்க முதலாளி பொண்ண இதுக்காகத்தான் போன வருஷம் பாதியிலேயே வெளிய அனுப்பினாங்க."

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன்டி. ரெண்டு தடவ வந்தேன். ரெண்டு தடவையும் நீ கையத் தூக்கின. மணி அடிக்கட்டும்னு படுத்தேன், அசதியில அப்படியே தூங்கிட்டேன்."

தைனாரா திரும்பிப் பார்த்தாள். சாத்திய வாசலுக்கு அப்பால் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது. உள்ளே மற்றவர்கள் ஆற அமர எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாரு, அடுத்த ஞாயிறு இன்னும் பாதிப் பரீட்சை..." என்று ஜாசிரா ஆரம்பித்தாள்.

தைனாராவின் உள்ளங்கை தானாக மேலே எழுந்தது. மழையில் நனைந்த அந்தக் கையை அவளே ஒரு கணம் வெறித்தாள். பிறகு அதே கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சொல்லுக்கா," என்றாள் விம்மலுக்கு நடுவே. "இப்ப சொல்லு."