கண்ணைப் பார்த்து மோதும் குவளை

சனிக்கிழமை காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அஃப்ரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கிளம்பு. ஸ்ட்ராவ்பிங் திருவிழாவுக்குப் போயிட்டு நாளைக்கு வந்துடலாம்."

"இப்பவா?" என்றான் அவள் கணவன் லூட்கர்.

"வெயில் அடிக்குது, லீவு, ஊர்ல பீர் ஆறா ஓடுது. உனக்கு ஆள் விட்டு வேற அழைக்கணுமா?"

கல்யாணமான ஐந்து வருடத்தில், அவள் பிறந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகலாம் என்று அவன்தான் கெஞ்சியிருக்கிறான். கூட்டம், தலைவலி என்று அவள் தட்டிக் கழிப்பாள். இன்றைக்கு அவளாகவே அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவள் ஊர்ப் பெண்கள் திருவிழாவுக்கு உடுத்தும் டிர்ன்டில் பாவாடையை உருவி எடுத்தாள். உதட்டுக்குச் சாயம் வேறு. நியூரம்பர்க் தாண்டியும் லூட்கர் விசில் அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான், பைத்தியக்காரன்.

பீர் கூடாரத்துக்குள் நுழைந்ததும் விசில் நின்றது. ஆகஸ்ட் சனிக்கிழமை, நிற்கவே இடமில்லை. ஆனால் அஃப்ராவின் பெரியம்மா மகள் ஹெட்விக் மேடைக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"எங்களுக்கா? நாங்க வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே சொல்லிட்டாளே, மாப்ள. க்விரின் ஊருக்குத் திரும்பிட்டான்னு சொல்லி நான் வாயை மூடல, அதுக்குள்ள ரெண்டு இடம் பிடிச்சு வைன்னுட்டா." ஹெட்விக் மேடையைக் கைகாட்டினாள். "அதோ, ட்ரம்பெட் ஊதறான். அதே திமிரு, பாரேன்."

அஃப்ரா கோழித் துண்டைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

க்விரின் யாரென்று லூட்கருக்குத் தெரியும். நான்கு வருடம் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன். கல்யாணப் பத்திரிகை அச்சான பிறகு ஹாம்பர்க்குக்குக் கம்பி நீட்டியவன். அதெல்லாம் முடிந்த கதை என்று அஃப்ரா சொல்லியிருந்தாள், லூட்கரும் நம்பியிருந்தான். இப்போது அவன் மேடையை எட்டிப் பார்த்தான். அந்த ஆளுக்குத் தொப்பை இல்லை. தாத்தா போட்டுத் தேய்ந்து கறுத்த திருவிழாத் தோல் கால்சட்டை, உடம்போடு ஒட்டிக் கிடந்தது. வடக்கு ஜெர்மனிக்காரன் லூட்கர் கடையில் புதிதாக வாங்கியதோ, உட்கார்ந்தால் கிறீச்சிட்டது.

வாத்தியம் ஓய்ந்ததும் க்விரின் குவளையோடு நேரே இங்கேதான் வந்தான்.

"என்ன அஃப்ரா, ஆளையே காணோம்?"

"ஓடிப் போனது நீ. காணோம்னு கேக்கறதும் நீயா?" என்றாள் ஹெட்விக். "சரி, எல்லாரும் குவளையைத் தூக்குங்க!"

குவளையை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். இதை லூட்கருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அஃப்ராதான். முதன்முதலாகச் சேர்ந்து குடித்த அன்று, "பார்க்காம மோதினா ஏழு வருஷத்துக்குக் கட்டில்ல சுகம் கிடையாது, தெரியுமா?" என்று அதட்டினாள். அவன் அம்மாவையே ஒருமுறை விடாமல் மறுபடி மோத வைத்தவள் அவள்.

அஃப்ரா ஹெட்விக்கின் கண்ணைப் பார்த்து மோதினாள். பெஞ்சு ஓரத்தில் இருந்த, பேர் தெரியாத வழுக்கைத் தலையர் கண்ணையும் பார்த்து மோதினாள். க்விரினின் குவளை வந்தது. அவள் பார்வை நுரைமேல் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

"அடியே, கண்ணு! பார்க்கவே இல்ல! திரும்ப மோது!"

"கை வழுக்கிடுச்சு" என்றாள் அஃப்ரா. மறுபடி தூக்கினாள். இம்முறை பார்வை அவன் சட்டைப் பொத்தான்வரை ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை. கழுத்து சிவந்துவிட்டது.

"விடு ஹெட்விக்" என்று க்விரின் சிரித்தான். அவனுக்கென்ன, சிரிப்பான்.

அவள் க்விரினை ஆசை தீரப் பார்த்திருந்தால்கூட லூட்கர் சண்டை போட்டுத் தீர்த்திருப்பான். பார்க்க முடியாமல் போனதற்கு அவன் யாரோடு சண்டை போடுவது?

"ம், இப்ப நீ" என்று அஃப்ரா அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. வழுக்கைத் தலையரைப் பார்த்தாளே, அதே பார்வை. க்விரின் வந்ததிலிருந்து அவள் தன்னை ஒருமுறை பார்க்க மாட்டாளா என்று ஏங்கியவனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. குவளைகள் மோதிய நேரத்தில் லூட்கர் குனிந்துகொண்டான்.

"போச்சு! மாப்ளைக்கு ஏழு வருஷம்!" என்று ஹெட்விக் மேசையைத் தட்டினாள். பெஞ்சே சிரித்தது.

அஃப்ரா சிரிக்கவில்லை.

"திரும்ப மோதலாம், லூட்கர்" என்றாள் மெதுவாக.

"வேணாம்" என்றான் அவன். "எனக்கும் கை வழுக்கிடுச்சு."