நூலகத்துச் சாமை

அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தியோடு குனிந்த அர்த்தனாரி அப்படியே நின்றுவிட்டான். குளிப்பாட்டுவதற்குப் பலகையில் கிடத்தியிருந்த அவன் மாமன் சென்றாயனின் உயிரற்ற இடுப்பில் விரல் நீளச் சாவி ஒன்று தொங்கியது.

"அக்கா, மாமன் லைப்ரரியையும் கூடவே கொண்டு போறாரா?"

கண்ணாயி சொம்பைக் கீழே வைத்தாள். விடிந்ததிலிருந்து அழாதவள், இப்போது சிரித்துவிடுவாள் போலிருந்தது.

இருபது வருடமாக அந்த ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவள் புருஷன். அங்கே இருந்தவை நானூறு புத்தகங்கள். அவற்றில் முந்நூறை எலிகள் அட்டையிலிருந்து அட்டைவரை முடித்திருந்தன; அவ்வளவு படித்த மனிதர் அந்த மலையின் ஆலத்தூர் நாட்டில் எவருமில்லை. காலியான அலமாரிகளில் சென்றாயன் விதைகளை அடுக்கினார். தகர டப்பாக்களில் சாமை, தினை, கேழ்வரகு. புத்தக அட்டை செருகும் காகிதப் பைகளில் அவரை, பூசணி, மிளகாய். ஒரு படி எடுத்தவர் அறுவடை முடிந்ததும் இரண்டு படி திருப்ப வேண்டும். தாமதித்தவரைச் செம்மேட்டுச் சந்தையில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரல் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பித் திரும்பி அடிவாரம்வரை இறங்கிப் போகும் என்பார்கள். கட்டிய பெண்டாட்டிக்கே கையெழுத்து வாங்காமல் ஒரு பூசணி விதை கொடுத்ததில்லை.

வேலியோரம் காளியண்ணன் நின்றிருந்தான். அவன் விதைத்த சாமையைப் போன வாரத்து மழை ஒரு மணி விடாமல் ஓடையில் இறக்கிவிட்டது. மறுபடி விதைக்க நேற்று வந்து கேட்டவனை, "காலையில வா, அளந்து தாரேன்" என்று அனுப்பிவைத்த சென்றாயன், விடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். விதைக்கு வந்தவன், கக்கத்தில் மடித்த சாக்கோடு சாவுக்கு நிற்கிறான். அவன் காட்டு மண்ணில் ஈரம் இன்னும் இரண்டு நாள் தாங்கும். சாவு வீட்டிலிருந்தோ கருமாதி முடியும்வரை விதை வெளியே போகக் கூடாது. போனால் முளைக்காது. கண்ணாயியும் அதை நம்புகிறவள்தான்.

"ஏந்தம்பி, சாக்கை எதுக்கு ஒளிச்சு வெக்கிற?"

"இல்லீங்கண்ணி, மழைக்குத் தலையில போட்டுக்க எடுத்தாந்தேன்."

வானத்தில் கைக்குட்டையளவு மேகம்கூட இல்லை.

"கருமாதி கழியட்டுமுங்க" என்றான்.

"அதுக்கப்புறம் வெதச்சு, வருசம் பூரா என்னத்தத் திம்ப? லைப்ரரி புஸ்தகத்தையா?"

"அதையும் எலி மிச்சம் வெக்கலீங்களே!"

கண்ணாயி கூட்டத்தைப் பார்த்தாள். "தீட்டு எனக்கும் இந்த ஊட்டுக்கும். லைப்ரரி கவர்மென்ட் கட்டடம். கவர்மென்ட்டுக்கு ஏதுங்க தீட்டு?"

ஊர்ப் பெரியவர் சின்னுசாமி தொண்டையைச் செருமினார். "கட்டடத்துக்கு இல்ல, சரி. சாவி பொணத்து இடுப்புல கெடந்துச்சே கண்ணு?"

பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காளியண்ணன் தரையைப் பார்த்தான்.

அர்த்தனாரி கயிற்றை அறுத்தான்; கண்ணாயி அவனிடம் கை நீட்டினாள். அறுத்த கயிற்றிலிருந்து சாவியை உருவிப் புருஷனின் உள்ளங்கையில் வைத்தாள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரல் மட்டும் மடங்க மறுத்தது. தன் கைச்சூட்டில் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் மடங்கியது.

"சாவி அவரோட போகட்டும். அடக்கம் முடிஞ்சு திரும்பினதும் பூட்டை உடைச்சிருங்க."

"மாமன் எந்திரிச்சு வந்துருவாரு அக்கா!"

"வந்தா வரட்டுமே" என்றாள் கண்ணாயி.

சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "கடப்பாரை எங்கூட்டுல இருக்கு" என்றார்.

கண்ணாயி காளியண்ணன் பக்கம் திரும்பினாள். "நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடு தம்பி. இல்லாட்டி மனுசனுக்கு அங்க தூக்கம் வராது."

மறுநாள் காலை கண்ணாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சரிவில் காளியண்ணன் விதைத்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டைப் பார்த்து விதைக்கக் கூடாதே! அதனால் மேலே ஏறும்போது மட்டும் வீசினான். முகம் இந்தப் பக்கம் திரும்பாமல், பின்பக்கமாகவே அடி வைத்துக் கீழே இறங்கினான். ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தான். அப்போதும் திரும்பவில்லை.

அவன் நேராக இறங்கட்டும் என்று, கண்ணாயி முந்தானையைத் தலையில் இழுத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.