காம்போடு கிள்ளிய பூ

அருகில் வாருங்கள், என் கண்மணிகளே. உப்புக்காற்று வீசும் வேளையிது, நெருங்கி அமர்ந்தால் குளிரும் தெரியாது, கதையும் சிந்தாது. ஒரு கொடியும் அது ஈன்ற ஒற்றைப் பூங்கொத்தும் ஒரு தாயின் நாவை எவ்வாறு கட்டிப்போட்டன என்பதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மாமல்லையின் கற்கோயிலைத் தழுவிய அலைகள் தெற்கே உருண்டோடிப் புதுப்பட்டினத்துக் கரையில் நுரையுதிர்க்க, சவுக்குத் தோப்புகள் பெருமூச்செறிய, கரையேறிய படகுகளிலிருந்து மீன்கூடைகள் அங்காடித் தெருவை நோக்கி விரைய, சித்திரைக் கதிரவன் கடல்மேல் உருக்கிய செம்பெனத் தளும்பிய காலையில், அத்தெருவின் பின்னே ஒரு மாடிவீட்டின் கீழைச் சாளரத்தருகே தெய்வநாயகி நின்று, மெழுகுப்பூக் கொடியின் தடித்த இலைகளில் படிந்த உப்புத்தூசியை ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவள் வைத்த கொடியன்று. அவள் ஒரே மகள் காயத்ரி வைத்தது. கீழ்வீட்டு ரூத் கொடுத்த ஒரு சாண் தண்டைச் சிறு சட்டியில் ஊன்றி, வேர் நெருங்கினால்தான் இது பூக்கும் என்று சட்டியை மாற்றாமல், மண் உலர்ந்தபின்னரே நீர்வார்த்து, சாளரக் கம்பியில் வளைத்து வளைத்து ஏற்றி, ஆண்டுகள் பல காத்திருந்தாள் அப்பெண். பணியாளர் பேருந்து ஓட்டும் தந்தை எல்லப்பனுக்கு அது தீராத கேலி.

“இன்னா பாப்பா, கொழந்தைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி தொடச்சிகினு கீற? ஒரு அவரக்கொடி வெச்சிருந்தா கொழம்புக்காச்சும் ஆயிருக்கும்.”

“நீ போய் வண்டிய எடு நைனா. இது பூக்கசொல்ல உன்ன உள்ளயே வுடமாட்டேன்.”

சென்ற தைத்திங்களில் இலைக்கணுவொன்றில் விரற்கடை நீளத்தில் மொட்டைக் காம்பொன்று தோன்றியது. அன்று அவள் முகத்தில் கண்ட ஒளியைத் தெய்வநாயகி இன்னும் மறக்கவில்லை. “எம்மா, இந்தக் காம்ப மட்டும் யாரும் கிள்ளிடாதீங்க. பூ உதுந்தாலும் இது நிக்கும். வருசாவருசம் இதுலயேதான் பூக்கும்” என்றாள், தந்தை வண்டிக்குப் போயிருந்த வேளையில். மாசியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று.

அதன்பின் எல்லப்பன் அவ்வறையின் வாயிலைத் தாண்டவில்லை. உண்பதும் உறங்குவதும் யாருக்கோ செய்யும் வேலைபோல் ஆயின. தாயோ நாள்தோறும் உள்ளே சென்றாள். மகள் கண்ணால் கண்டுபோன அந்தக் காம்பின் நுனியில் முத்துக்கோத்தாற்போல் அரும்புகள் திரண்டபோது, ஆண்டுதோறும் இங்கே ஒருமுறை என் பெண் வந்துபோவாள் என்று நெஞ்சுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். எல்லாம் மலர்ந்த பின் கணவனைக் கைப்பிடித்து அழைத்துவந்து காட்டலாம் என்று அவனிடம் மறைத்தும் வைத்தாள்.

அந்நிலையில், படாளத்துத் தமையன் நோயுற்றானென்று செய்தி வர, ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் மாலை திரும்பினாள். படியேறும்போதே தேன்மணம் எதிர்கொண்டது. கூடத்தில், மகளின் படத்தின்மேல், இளஞ்சிவப்பு விண்மீன்கள் திரண்டாற்போன்ற அப்பூங்கொத்து அடிக்காம்போடு சார்த்தப்பட்டிருந்தது.

“பாத்தியாம்மே, பாப்பா கொடி பூத்துகீது” என்றான் எல்லப்பன். மழித்த முகம், வெளுத்த சட்டை, உண்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. “வாசன தாங்கல. உள்ள போய்ட்டேன். அது வளத்த பூவு, அது தலைக்கே வெக்கணும்னு தோணிச்சி. நானே பறிச்சேன்.”

இறந்தோர் படத்துக்குப் பூச்சார்த்தும் நம் கைகளுக்கு வேறென்ன தெரியும், கண்மணிகளே? தெய்வநாயகி உள்ளே ஓடிப் பார்த்தாள். காம்பிருந்த கணுவில் வெண்பால் கசிந்து உறைந்திருந்தது. ‘என்ன காரியம் செய்தாய், பாவி’ என்ற சொல் தொண்டைவரை ஏறி நின்றது.

அவ்வேளை ரூத் படியேறி வந்தாள். படத்தைக் கண்டதும் கைகள் தாமே மார்பில் கூடின. “ஐயோ, அண்ணாத்த, காம்போடயா...”

“நான்தான் ரூத் அப்டிப் பறிச்சி வெக்கச் சொன்னேன்” என்றாள் தெய்வநாயகி, அறை வாயிலில் வந்து நின்று.

ரூத் அவள் கண்களைப் பார்த்தாள். பின் படத்தைப் பார்த்தாள். “நல்லா கீதுக்கா. புள்ளைக்குப் பொருத்தமா கீது” என்று சொல்லி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

“இன்னாத்துக்கு அவ காம்பு காம்புன்றா?” என்றான் எல்லப்பன்.

“அவளுக்கு வேற வேல இல்ல. நீ சாப்டியா?”

“சாப்டேன். மோர் ஊத்திக்கினேன்.” படத்தின் பூவைப் பார்த்தபடியே, “அடுத்த வருசமும் பூக்குமாம்மே?” என்றான்.

“பூக்கும்.”

பூக்கலாம், வேறொரு கணுவில் வேறொரு காம்பு எழவும் கூடும், எழாமலும் போகக்கூடும். எழுந்தாலும் அது கொடியின் காம்பாயிருக்குமேயன்றி, காயத்ரி கண்டு களித்த காம்பாகாது. இதை அறிந்தவள் அவ்வீட்டில் ஒருத்தியே. மறுநாள் விடியலில் எல்லப்பன் தானே துணியை நனைத்துக்கொண்டுவந்து இலைகளைத் துடைக்கலானான். பால் உறைந்த கணுவின்மேலும் அவன் விரல் ஒன்றும் அறியாமல் மெல்ல ஊர்ந்து சென்றது. அவள் அடுக்களைக்குள் போய், நீர்க்குழாயைத் திறந்துவிட்டு, அதன் ஓசைக்குள் அழுதுமுடித்து வந்தாள்.

உங்கள் இல்லங்களில் கொடிகள் தழைக்கட்டும், செல்வங்களே; வைத்த கைகளே அவற்றின் பூவையும் பறிக்கட்டும். அன்பினால் பிழைசெய்தவர் உங்கள் கூடத்தில் இருப்பாராயின், அவர் நிம்மதியாய் உண்டெழுமட்டும் சொல்லை விழுங்கிக் காத்திருக்கும் வலிமை உங்கள் வீட்டுக்குக் குறைவின்றி வாய்க்கட்டும்.