லா பெலாதாவின் கடைசி ஆடு

லா பெலாதா தீவில் கடைசியாக மிஞ்சிய ஆட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் யூதாஸ். அது பெண் ஆடு. ஆண்பிள்ளைப் பெயர் வைத்தால் என்ன, கூப்பிட்டவுடன் ஓடி வரவா போகிறாள் என்று அலட்சியமாக இருந்துவிட்டோம்.

ஆட்டுக்குத் தனிமை ஆகாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் இனத்தை மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் குணத்தை வைத்துத்தான், தீவில் ஆடுகளை ஒழிக்கும் எங்கள் பிழைப்பு. ஓர் ஆட்டைப் பிடித்து, குட்டி போடாதபடி செய்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி அவிழ்த்துவிடுவோம். அது மந்தையோடு சேர்ந்ததும் ஏரியலைத் தூக்கிக்கொண்டு நான் சத்தத்தைத் தொடர்ந்து போவேன். வேட்டைக்காரர்கள் பின்னால் வருவார்கள். எல்லாவற்றையும் சுட்டுவிட்டு அவளை மட்டும் விட்டுவிடுவோம். அவள் மறுபடி தேடிக் கிளம்புவாள்.

முதல் இரண்டு முறை வெடிச்சத்தம் கேட்டு அவளும் ஓடினாள். அதன்பிறகு ஓடவில்லை. சுற்றிலும் ஒவ்வொன்றாக விழ, நடுவில் நின்றுகொண்டே இருப்பாள். தன்மேல் குண்டு படாது என்று கற்றுக்கொண்டாள், கெட்டிக்காரி என்று வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தீவில் ஆடு எப்படி வந்தது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்தொன்பது வயதில், இறால் பிடிக்கப் போன படகிலிருந்து ஒரு கிடாயையும் இரண்டு பெட்டையையும் கரையில் இறக்கிவிட்டவன் நான். பக்கத்துத் தீவில் இருக்கும் எங்கள் வில்யாமில் ஊர் மீனவர்கள் எல்லாரும் செய்ததுதான். அடுத்த பருவத்துக்கு வரும்போது கறி தயாராக இருக்கும், மீனையே தின்று நாக்கு செத்துப்போக வேண்டாம் என்ற கணக்கு. முப்பது வருடத்தில் அந்த மூன்று, ஆயிரத்துக்கு மேலாயின. மலை முழுக்க இருந்த லெச்சோசோ மரங்களைத் தின்று தீர்த்தன. அதன்பிறகுதான் அந்தத் தீவுக்கு லா பெலாதா, அதாவது மொட்டைச்சி, என்ற இந்தப் பெயரே வந்தது.

மாய்தே டாக்டர் செடி ஆராய்ச்சிக்காகத் தலைநகர் கீத்தோவிலிருந்து வந்தவள். என் மூத்த மகள் வயதுதான். தீவில் நான்கு இடங்களில் வேலி போட்டு, உள்ளே என்ன முளைக்கிறது, வெளியே என்ன முளைக்கிறது என்று குனிந்து எண்ணிக்கொண்டே இருப்பாள். என்னை மரியாதையாகத் தோன் என்றுதான் கூப்பிடுவாள்.

"தீவுங்கிறது மூடி போட்ட பாத்திரம் மாதிரி, தோன் எலிசேயோ. என்னத்தப் போட்டோம், என்னத்த எடுத்தோம்னு தெரியும். பெருநிலத்துல இப்படிப் பாக்கவே முடியாது" என்றாள் ஒருநாள், வாழைக்காய் மசியலை விழுங்கிக்கொண்டே.

"போட்டவன் எதிர்லதான் உக்காந்திருக்கேன், டாக்டரம்மா" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

யூதாஸ் ஆறு மாதம் தனியாகவே திரிந்தால் தீவில் வேறு ஆடு இல்லை என்று அர்த்தம். அதன்பிறகு அவளையும் சுட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை பூங்கா அலுவலகத்துக்கு ரேடியோவில் சொல்ல வேண்டியது ஒரே எண்தான்: துணைக்கு எத்தனை. ஐந்து மாதம் பூஜ்யம் என்றே சொன்னேன். அந்த ஐந்து மாதமும் அவள் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாறைமேல் ஏறிக் கத்துவாள், பதிலுக்குக் காத்திருப்பாள், இறங்கி அடுத்த பாறைக்குப் போவாள். கேட்கவே முடியவில்லை எனக்கு.

ஒருநாள் கத்தல் நின்றது. மறுநாள் காலை கூடாரத்துக்கு வெளியே படுத்திருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே வந்தாள். உட்கார்ந்தால் முதுகில் சாய்ந்துகொண்டாள். தேடித் தேடிக் கடைசியில் அவள் கண்டுபிடித்த இனம் நான்தான்.

அந்த வாரம் ரேடியோவில் "ஒண்ணு" என்றேன்.

ஹெலிகாப்டரில் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். எட்டு நாள் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, என் பாட்டனையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் "ஒண்ணு" என்றேன். அன்று மாய்தே என் பின்னால் நின்றிருக்கிறாள்.

"அந்த ஒண்ணு யாரு, தோன்?"

ஆடு என் காலடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கதானா?"

"பாவம், ஒத்தை ஆடு. அது என்னத்த தின்னுடும்?"

அவள் என்னை, நான்கில் மரம் மிஞ்சிய ஒரே வேலிக்கு அழைத்துப் போனாள். உள்ளே இரண்டு லெச்சோசோ மரம், இரண்டும் பாதி காய்ந்தவை. அடியில் சருகு மூடிக்கிடந்தது, கன்று ஒன்றும் இல்லை. வெளியே மழைக்கு முளைத்த கன்றுகளுக்குக் குச்சி நட்டிருந்தாள். நாற்பது குச்சி. பதினொன்றின் பக்கத்தில்தான் கன்று இருந்தது.

"இந்த ரெண்டு மரமும் அடுத்த மழையப் பாக்காது. இனிமே விதை கிடையாது. இந்தப் பதினொண்ணுதான் காடு."

"நான் படகுல ஏத்தி ஊருக்குக் கொண்டுபோயிடறேன். தோட்டத்துல கட்டி வச்சுக்கறேன்."

"ஒரு தீவுலேருந்து இன்னொரு தீவுக்கு ஆடா? அப்படித்தானே வந்துச்சு, தோன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"வேட்டைக்காரங்களக் கூப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

மறுநாள் காலை வடக்குச் சரிவுக்கு நடந்தேன். வழக்கம்போல் பின்னால் வந்தாள். பாறைகளுக்குப் பக்கத்தில் நின்று, தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கிக் குண்டு ஏற்றினேன். அந்தச் சத்தம் கேட்டதும் என் முழங்காலுக்குப் பின்னால் தலையால் முட்டினாள். தடுமாறிப்போனேன். பாறைப் பக்கம் நான்கு எட்டு ஓடி, திரும்பிப் பார்த்தாள். நான் வரவில்லை என்றதும் திரும்பி வந்து மறுபடி முட்டினாள், இன்னும் பலமாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனக்கு ஒன்றும் ஆகாது என்பது மட்டுமல்ல, தன்னோடு நிற்பவர்கள் விழுவார்கள் என்பதையும் அவள் கற்றிருந்தாள். இப்போது அவளோடு நிற்பவன் நான். என்னை ஓடச் சொல்கிறாள்.

மூன்றாம் முறை முட்ட வந்தபோது சுட்டேன். அழுதேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுதிருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பன்னிரண்டு வருடம் கழித்து மாய்தே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் பதினொன்றிலிருந்து வந்த மரங்கள் தலைக்குமேல் நின்றன. தரையில் வெயிலே விழவில்லை, அவ்வளவு அடர்த்தி. அவள் கண் கலங்கிப்போய், "பாருங்க தோன், எல்லாம் திரும்பி வந்துடுச்சு" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, எனக்கும் சந்தோஷம்தான்.

பத்தடி உள்ளே போயிருப்பேன். முழங்காலுக்குப் பின்னால் பலமாக ஒரு முட்டு. திரும்பினேன், யாருமில்லை. மாய்தே தூரத்தில் ஏதோ இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முட்டியது.

இந்தமுறை அவள் சொன்னபடி ஓடினேன்.