மாப்பிள்ளை உறைந்துபோன ஞாயிறுகள்

என் அக்கா வடிவம்மா வீட்டில் எது நின்றாலும் ஏச்சு எனக்குத்தான். பதுளை டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற பாவம். கிரைண்டர் நின்றாலும் நான், மழை நின்றாலும் நான். அந்த 2008ஆம் வருஷம் நின்றுபோனது மாப்பிள்ளை.

அக்கா மகள் லக்ஷனா தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். பூனாகலை குணமணி அம்மாவின் மகன் விஜேந்திரனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பையனுக்கு டோஹாவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் அவனுடைய அம்மா நேரில் வருவது, அவன் கம்ப்யூட்டரில் பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. அதற்காகவே அக்கா வீட்டுக்கு வயர் இல்லாத இன்டர்நெட் பெட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு ஞாயிறு வந்தார்கள். இரண்டு தரமும் மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்துபோனார். தும்மப் போகிறாரா அழப் போகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

"சகுனம் சரியில்ல போலங்க," என்றார் குணமணி அம்மா, இரண்டாம் தரம் கிளம்பும்போது. "அடுத்த ஞாயிறும் இப்படின்னா வேற எடம் பாக்கலாம்னு பையனோட அப்பா சொல்றாரு."

மறுநாள் லக்ஷனா என் கடைக்கே வந்துவிட்டாள்.

"மாமா, அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கப்புறம் நான் ஸ்கூலுக்குப் போலாமான்னு. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். போன்ல கேட்டா எல்லாரும் சரின்னுதான் சொல்லுவாங்க."

அவள் போன பிறகு எனக்கு வியாபாரமே ஓடவில்லை. நான் என்னதான் செய்யாமல் விட்டேன்? பெட்டியின் கரண்ட் வயரை மாற்றினேன். கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கிருந்த பெண், பெட்டியை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்பதையே மந்திரம் மாதிரி ஒப்பித்தாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் தனியாகப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஜோராக ஓடும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றினால் செத்துவிடும்.

"ஒன் பெட்டிக்கு ஆளுங்களக் கண்டா வெக்கம்டா," என்றாள் அக்கா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

மூன்றாம் ஞாயிறும் வந்தது. குணமணி அம்மா முன்னறையில் உட்கார்ந்தார். முறுக்கு வந்தது, தேத்தண்ணி வந்தது, திரையில் விஜேந்திரன் வந்தார். சிரித்தார். அப்படியே நின்றுவிட்டார். குணமணி அம்மா முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தார்.

பெட்டி இருந்தது உள்ளறையில், சாமிப் படத்துக்குக் கீழே. அங்கே லக்ஷனா சேலை கட்டிக்கொண்டிருந்தாள், நான் போக முடியாது. கதவுக்கு வெளியே நின்றபடி, "அக்கா, பெட்டியில பச்சை லைட் எரியுதா பாரு," என்றேன்.

"எரியுதுடா."

போன இரண்டு தரமும் இதே கேள்விதான், இதே பதில்தான். ஆனால் போன இரண்டு தரமும் லக்ஷனா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தரம் அம்மாவைப் பார்த்துவிட்டாள். கொசுவத்தைப் பாதியில் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின்.

"மாமா, லைட் எரியுதான்னு அம்மா இதத் தூக்கிப் பாத்துட்டு, திரும்பவும் கவுத்து வைக்கிறாங்க."

எனக்கு வந்த கோபத்தில் சபை மறந்துபோனது. "தகர டின்னப் போட்டு மூடினா சிக்னல் எப்படிக்கா வெளிய வரும்? எதுக்கு மூடுன?"

"புதுச் சாமானாச்சே. வர்றவங்க கண்ணு பட்டுடும்னு..."

அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். வந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மானம் போனதென்று எனக்குக் காதெல்லாம் சுட்டது. லக்ஷனாவின் முகத்தைப் பார்க்கவே தைரியமில்லை.

குணமணி அம்மா டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"தம்பி, எங்க வீட்டு டீவிய நான் பழைய சீலையாலதான் மூடி வைக்கிறேன். துணின்னா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் திரையில் மாப்பிள்ளை, விட்ட சிரிப்பைத் தொடர்ந்து சிரித்தார். லக்ஷனா நேராகப் போய் உட்கார்ந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கல்யாணத்துக்கப்புறமும் நான் ஸ்கூலுக்குப் போகணும். போலாங்களா?"

மாப்பிள்ளை உறைந்தார். நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "சத்தியமா நான் தொடல."

திரை அசைந்தது.

"...அத ஏங்க என்கிட்ட கேக்குறீங்க? அது ஒங்க வேலையில்லையா?"

லக்ஷனா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

அக்கா சத்தமில்லாமல் உள்ளே போய் மை கொண்டுவந்து மகள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"அந்தப் பெட்டிக்கும் ஒண்ணு வச்சிருங்க சம்பந்தி," என்றார் குணமணி அம்மா.