கண்ணாடிவிரியனுக்கு முதல் பரிசு

என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்த நொடிக்குப் போன மாதம் பரிசு கொடுத்தார்கள். சும்மா ஆறுதல் பரிசு இல்லை, முதல் பரிசு.

அவர் பெயர் கோவிந்தராஜ். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். நாங்கள் குடியிருக்கிற போபோடியில் யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் கொக்கியும் சாக்குமாகக் கிளம்பிவிடுவார். வனத்துறை கொடுத்த அனுமதி அட்டையும் வைத்திருந்தார். இந்த இருபது வருஷத்தில் நான் சமைத்ததை அவர் சூடாகச் சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருக்கு வாலாக முரளி என்று ஒருவன். கோயம்புத்தூர்க்காரன், ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணா அண்ணா என்று வந்து நிற்பான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்துச் சந்தில் ஷபானா வீட்டுக் குளியலறையில் கண்ணாடிவிரியன் புகுந்துவிட்டது. இங்கே மராட்டியில் அதைக் கோணஸ் என்பார்கள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இவர் கொக்கியால் தூக்கிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

நான் போனபோது வலது கை தொடை அளவுக்கு வீங்கியிருந்தது. செப்பு மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். ஈறிலிருந்து ரத்தம், ஊசி குத்திய இடத்திலெல்லாம் ரத்தம், துடைக்கத் துடைக்க வந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. நான்கு தடவை டயாலிசிஸ். கையில் தோல் வெடித்து, சதை கறுத்து, அந்த வார்டில் யாரும் மூக்கைப் பொத்தாமல் நடக்கவில்லை. பதினெட்டாம் நாள் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் வெட்டி எடுத்தார்கள்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது என்று வனத்துறைக்காரர்களிடம் சொன்னார். பச்சைப் பொய். சாக்கில் கட்டிய பாம்பு வெளியே வந்து எப்படிக் கடிக்கும்? படம் எடுக்கத்தான் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். முரளி தினமும் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவான். அந்தக் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது. இவன்தான் இன்னொன்று, இன்னொன்று என்று அவரை நச்சரித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

லேத்திலிருந்து எடுத்து அவரைக் கேட்டில் காவலுக்கு நிற்க வைத்தார்கள். சோற்றை இடது கையால் அள்ளிச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் முரளி அழைப்பிதழோடு வந்தான். நம் நாட்டுப் பாம்பு, பல்லி, தவளை பற்றிய ஆராய்ச்சிக்கும் புகைப்படத்துக்கும் வருஷா வருஷம் பரிசு கொடுக்கிற ஒரு சங்கம், அவன் எடுத்த விரியன் படத்துக்கு முதல் பரிசு கொடுக்கிறதாம். இவர் படுக்கையை விட்டு எழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். நானும் வருகிறேன் என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த விரல்கள் எப்படிப் போயின என்பதை அவன் மைக்கில், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிப் பரிசு ராஜஸ்ரீ என்ற பெண்ணுக்கு. பாறைமேட்டுத் தவளைகளைப் பற்றி அடக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கினாள். பிறகு சுவர் அளவுக்கு அந்தப் படம் வந்தது. வாயைப் பிளந்து, இரண்டு பல்லையும் நீட்டிப் பாய்கிற விரியன். நடுவர் இந்தியில் விளக்கினார். கொக்கியோ மனிதக் கையோ படத்தில் தெரிந்தால் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்களாம், இது அசல் காட்டுப் படமாம். இடது ஓரத்தில் மங்கலாகத் தெரிகிற காய்ந்த இலை படத்துக்கு எத்தனை ஆழம் கொடுக்கிறது, பாருங்கள் என்றார்.

நான் பார்த்தேன். இலையில் ஏது செப்பு மினுக்கம்? இருபது வருஷம் அந்தக் கையைப் பிடித்தவள் நான். எத்தனை மங்கினாலும் எனக்குத் தெரியாதா?

முரளி மைக்கைப் பிடித்துச் சங்கத்துக்கு நன்றி சொன்னான், அப்பா அம்மாவுக்குச் சொன்னான். கூடவே வந்து உதவிய கோவிந்தராஜ் அண்ணாவுக்கும் நன்றி என்றான். அவ்வளவுதான். உதவியாம். நான் எப்போது மேடை ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ஓங்கி அறைந்ததில் மைக் அவன் வாயில் மோதியது. பல் உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. திரும்பவும் அறைந்தேன். அவன் சட்டையெல்லாம் ரத்தம். கேடயத்தைப் பிடுங்கி மண்டையில் போட ஓங்கினேன். அதற்குள் இரண்டு ஆண்கள் என் கையை முறுக்கிப் பின்னால் வளைத்தார்கள். அது இலை இல்லை, என் புருஷன் கை என்று இந்தியில் கத்தினேன்.

நடுவர் இவரை மேடைக்குக் கூப்பிட்டு, உண்மையா என்று கேட்டார். முரளி வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி, "சொல்லிப்போடுங்ணா. என்னால முடியல" என்றான்.

இவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"பத்தா ஹை, சாப். சூக்கா பத்தா." இலைதான், காய்ந்த இலைதான் என்று சொன்னார், சொந்தக் கையை.

பிறகு என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். "அவர ஏன்டி அடிச்ச? அவரு போதும்ணா போதும்ணான்னுதான் கெஞ்சினாரு. கொக்கி தெரிஞ்சா பரிசு வராதுன்னு நான்தான் அத அந்தாண்ட தூக்கிப் போட்டேன். வாயத் தொறக்கட்டும்னு நான்தான் கைய ஆட்டுனேன். படம் இன்னா சோக்கா வந்துகீது பாரு. கம்முனு கெட."

ஒரு பாவமும் அறியாதவன் பல்லை உடைத்திருக்கிறேன். பதினெட்டு நாள் பீத்துணி அலசி, ரத்தம் துடைத்து, சாமியெல்லாம் கும்பிட்டு நான் மீட்டுக்கொண்டு வந்த கையை இந்த மனிதர் ஒரு படத்துக்காகத் தானே பாம்பின் வாயில் நீட்டியிருக்கிறார். பிடித்திருந்தவர்களை உதறிவிட்டுப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. பாக்கெட் கிழிந்து கை வெளியே வந்தது. அதை உயரத் தூக்கிக் காட்டினேன். இரண்டே விரல். அவர் இடது கையால் என் காதோடு சேர்த்து அறைந்தார். காது கொய்யென்றது. இன்னொன்று விழுந்தது. நடுவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும் வரைக்கும் நான் கையை இறக்கவில்லை.

பரிசை அங்கேயே ரத்து செய்தார்கள். முரளியிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்ததுதான் அக்கா என்று பொய் சொன்னான், நல்ல பையன்.

ஆனால் பரிசு ரத்தான அன்று மாலை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விரல்களை வெட்டியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், போபோடி வரும்வரைக்கும் பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வந்தார்.